அம்மாவுக்கு இடுப்பு ஆப்பரேஷன்: தொடையில் நரம்பு பிளாக் ஊசி, சரி என்று சொல்லலாமா?

மெரபேங்க் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு ஆஸ்பத்திரி கார் பார்க்கில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயசு, 52 கிலோ. இன்று காலை பின்பக்கம் துணி காயப்போடப் போனவர் ஈரப்படியில் வழுக்கி இடது பக்கமாக விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது. நாளை மதியம் தியேட்டர். முறிந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்களாம். சர்க்கரை உண்டு, மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க தினமும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார்.

மயக்க மருந்து டாக்டர் சாயங்காலம் வந்து பார்த்தார். அந்த இரத்த மாத்திரை இருப்பதால் முதுகில் ஊசி போட அவருக்கு இஷ்டமில்லை. முழு மயக்கம் கொடுத்து, கூடவே தொடை இடுக்கில் 'ஃபேசியா இலியாக்கா பிளாக்' போட்டால் வலி குறையும் என்றார். இன்றிரவே வார்டில் போடலாம், இல்லாவிட்டால் நாளை தியேட்டரில் போடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பர்த்தில் இருக்கிற அண்ணன் போனில் கத்துகிறார், நரம்புப் பக்கம் ஊசியே கூடாது, கால் விளங்காமல் போய்விடும் என்று. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மார்ஃபினே போதும் என்கிறார். ஆனால் அப்பாவுக்கு மார்ஃபின் கொடுத்த சமயத்தில் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று ராத்திரி முழுக்கப் புலம்பினார். அதனால் எனக்கு அதுவும் பயம்.

கால் செயலிழந்து போகுமா? எத்தனை மணி நேரம் தாங்கும்? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் கட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரி 8 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.


பழைய வார்டு சிஸ்டர், ஃபீனிக்ஸ்:

தங்கச்சி, சரி என்று சொல். அதோடு நிற்காதே. நாளைக்கு வேண்டாம், இன்றிரவே போடுங்கள் என்று கேள்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இடுப்பு முறிந்தவர்களுக்கு ஆப்பரேஷனைவிடக் கொடுமை அதற்கு முந்தின ராத்திரி. தியேட்டரில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முந்தின ராத்திரிதான் பெட்பேன் வைக்க ஒரு தடவை, ஷீட் மாற்ற ஒரு தடவை, எக்ஸ்ரே மேஜைக்குத் தூக்க ஒரு தடவை என்று முறிந்த எலும்பு உரசிக்கொண்டே இருக்கும். பெட்பேனுக்குப் பயந்தே வயசான பொம்பளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். விடிந்து பார்த்தால் நாக்கு வறண்டு, பெற்ற பிள்ளையையே யார் நீ என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் உடனே மார்ஃபின் மேல் பழி போடுவார்கள். மார்ஃபினும் குழப்பும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடக்காத வலியும் தாகமும் அதே வேலையைச் செய்யும்.

பிளாக் என்றதும் நரம்புக்குள்ளேயே ஊசி குத்துவதாக உன் அண்ணன் நினைக்கிறார். அப்படி இல்லை. தொடை இடுக்குக்குக் கிட்டே, தசையின் மேல் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். அதுதான் ஃபேசியா இலியாக்கா. ஊசி அந்தச் சவ்வைத் தாண்டி நிற்கும், பெரிய நரம்பும் இரத்தக் குழாயும் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கும். நீர்த்த மரப்பு மருந்தை 30, 40 மி.லி. அளவுக்கு மெதுவாக விடுவார்கள். பாய்க்கு அடியில் தண்ணீர் பரவுகிற மாதிரி அது சவ்வுக்கு அடியில் பரவிப் போய், தொடையின் முன்பக்க நரம்பையும் வெளிப்பக்கத் தோல் நரம்பையும் பிடிக்கும். இப்போது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையில் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள். க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கும் இதைப் போடுகிறார்கள். மேலாக இருக்கிற இடம், இரத்தம் கசிந்தால் அமுக்கிப் பிடிக்கலாம். முதுகுத்தண்டில் கசிந்தால் அமுக்க வழியில்லை. உங்கள் டாக்டர் முதுகைத் தவிர்த்ததற்கும் அதுதான் காரணம்.

வெறும் வார்டு அனுபவத்தை வைத்துச் சொல்லவில்லை. இடுப்பு முறிவுக்கு பிளாக் போடுவதைப் பற்றி காக்ரேன் குழு 2020-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 3,000 பேருக்கு மேல். போட்ட அரை மணிக்குள் அசையும்போது வரும் வலி குறைகிறது. குழப்பமும் குறைகிறது, ஏறக்குறைய 12 பேருக்குப் போட்டால் ஒருவருக்குக் குழப்பம் வராமல் தப்புகிறது. உன் அப்பாவுக்கு நடந்ததை நினைத்துப் பயப்படுகிறாயே, அதனால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் வலியே இருக்காது என்று எதிர்பார்க்காதே. இடுப்பு மூட்டுக்கு முன்பக்கம் ஒரு கூட்டம் நரம்பு, பின்பக்கம் வேறு கூட்டம். பின்பக்கத்துக்கு இந்த மருந்து போகாது. கத்தி வைக்கிற இடமும் மேலே, பின்னே என்று தள்ளி இருந்தால் அங்கேயும் கொஞ்சம் வலிக்கும். பல்லைக் கடிக்கிற வலி, பேசிக்கொண்டே பொறுக்கிற வலியாக மாறும். அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். ஒரு தடவை போட்டால் 8 மணியிலிருந்து 16 மணி நேரம் வரை தாங்கும், சிலருக்கு ஒரு நாள். நாளை மதியம் தியேட்டரில் போட்டதாக வை. அந்த மரப்பு விடுகிற நேரம் நடுராத்திரிக்கும் விடிகாலைக்கும் நடுவில் எங்கேயோ வரும். வார்டில் ஆள் குறைவாக இருக்கிற நேரமும் அதுவே. அதுவரை வலி இல்லை என்று அம்மா மாத்திரையை வேண்டாம் என்று சொல்லியிருப்பார், சிஸ்டரும் சரி தூங்கட்டும் என்று விட்டிருப்பார். 2 மணிக்கு மரப்பு விட்டதும் எல்லா வலியும் ஒன்றாக வரும். அப்புறம் மார்ஃபினை ஏற்றி ஏற்றிக் கொடுக்க வேண்டிவரும், எதற்குப் பயந்தாயோ அதுவே வரும். பிளாக் வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பிளாக் நன்றாகத்தான் வேலை செய்தது. முடிகிற நேரத்துக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அதனால் டாக்டரிடம் நீ கேட்க வேண்டிய கேள்வி, இந்த மரப்பு விடும்போது என்ன கொடுப்பீர்கள், சார்ட்டில் எழுதியாகிவிட்டதா என்பதுதான். 50 கிலோவுக்கு மேல் இருக்கிறவர்களுக்குப் பனாடோ (பாராசிட்டமால்) வழக்கமாக 6 மணிக்கு ஒரு தடவை ஒரு கிராம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும், 'கேட்டால் கொடு' என்று எழுதக் கூடாது. தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்கச் சொல். அதற்கு மேல் வலித்தால் மார்ஃபின் சின்ன அளவில். உன் கைப்பையிலிருந்து மைப்ரோடால் வலி மாத்திரை எடுத்துக் கொடுத்துவிடாதே. அதில் பனாடோ மருந்தும் இருக்கிறது, ஐபுபுரோஃபெனும் இருக்கிறது, கொடெயினும் இருக்கிறது. 76 வயசு, சர்க்கரை, க்ளோபிடோக்ரெல் இவ்வளவுக்கும் நடுவில் ஐபுபுரோஃபென் போனால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகாது. நம் ஆட்கள் விசிட்டிங் நேரத்தில் பிரியாணி டப்பாவோடு இதையும் கொண்டுவருவார்கள், எனக்குத் தெரியும்.

கால் விஷயம். பிளாக் இருக்கும்வரை முட்டியை நீட்டுகிற தசை சோர்ந்து இருக்கும். செயலிழப்பு இல்லை, மரப்பு விட்டதும் பலம் திரும்பிவிடும். ஆபத்து வேறு இடத்தில். எங்கள் வார்டில் ஒரு தாத்தா, வலி இல்லாததால் குணமாகிவிட்டது என்று நினைத்து, ராத்திரி கட்டில் கம்பியைத் தாண்டி டாய்லெட்டுக்குக் கிளம்பிவிட்டார். முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, சுவரைப் பிடித்துக்கொண்டதால் மெதுவாகச் சரிந்தார். அம்மாவை முதலில் எழுப்பும்போது கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து முட்டியை நீட்டச் சொல்வார்கள். நீட்ட முடிந்தால்தான் நடக்க உதவும் ஃபிரேமைப் பிடித்து நிற்கலாம், இரண்டு பக்கமும் ஆளோடு. பாதமும் கால் விரல்களும் மட்டும் எப்போதும் அசைய வேண்டும். இந்த பிளாக் அங்கே போகாது. பாதம் தூக்க வரவில்லை என்றால் பிளாக்தானே என்று சும்மா இருக்காதே, உடனே சிஸ்டரைக் கூப்பிடு.

தொடை மரத்திருக்கும்போது ஹாட் வாட்டர் பாட்டில் வைக்காதே, சூடாக எண்ணெய் தேய்க்காதே. சுட்டாலும் அவருக்குத் தெரியாது.


பயிற்சி டாக்டர், புளூம்ஃபான்டைன்:

நான் மயக்க மருந்துத் துறையில் படித்துக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, அவர் விட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

அளவு முக்கியம். மரப்பு மருந்து பூப்பிவாகெய்ன் என்றால் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 2 மி.கி. உச்சம். உங்கள் அம்மாவுக்கு 104 மி.கி. 0.25 சதவீத மருந்து ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. இருக்கும், ஆக 40 மி.லி. போட்டாலே 100 ஆகிவிட்டது. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் சரியாகச் சொல்லுங்கள். இன்றிரவு ஒரு பிளாக் போட்டு, நாளை தியேட்டரில் இன்னொன்று போட்டு, சர்ஜனும் காயத்தில் அதே மருந்தை விட்டால் எல்லாம் கூடிப் போகும். முதல் பிளாக் எத்தனை மணிக்கு, எந்த மருந்து, எத்தனை மி.லி. என்று சார்ட்டில் இருக்கிறதா பாருங்கள். நாளை வரும் டாக்டர் வேறு ஆளாக இருக்கலாம்.

மருந்து இரத்தத்தில் அதிகம் போனால் முதலில் உதடு மதமதக்கும், வாயில் உலோகச் சுவை வரும், காதில் இரைச்சல் கேட்கும். முற்றினால் வலிப்பு, இருதயத் துடிப்பில் கோளாறு. அரிது, ஆனாலும் அதனால்தான் போட்ட பிறகு மானிட்டரை மாட்டிவைத்துப் பார்ப்பார்கள். மாற்று மருந்து 20 சதவீதக் கொழுப்புத் திரவம், பிளாக் போடுகிற இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நரம்புக்கு நிரந்தரச் சேதம் பல ஆயிரத்தில் ஒருவருக்கு. சர்க்கரையால் அம்மாவுக்கு ஏற்கெனவே பாதம் மரத்திருந்தால் இப்போதே சொல்லி எழுதவைத்துவிடுங்கள்.

முழு மயக்கம் என்று பயப்பட வேண்டாம். இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த ரீகெய்ன் ஆய்வு 2021-ல் வந்தது. ஸ்பைனல் (முதுகில் போடும் ஊசி), முழு மயக்கம் இரண்டுக்கும் 60 நாளில் நடப்பதிலும் உயிர் பிழைப்பதிலும் வித்தியாசம் இல்லை, குழப்பத்திலும் இல்லை. க்ளோபிடோக்ரெல் உடம்பை விட்டுப் போகட்டும் என்று ஒரு வாரம் படுக்கவைப்பதுதான் கெடுதல். அதே சமயம் ஸ்டென்ட் இருப்பதால் அந்த மாத்திரையை நிறுத்துவதோ தொடர்வதோ டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.


லெனேசியாக்காரன்:

எல்லாரும் பிளாக் பிளாக் என்கிறீர்கள். எனக்கு போன வருஷம் வலது இடுப்பு முழுசாக மாற்றினார்கள், பிளாக்கே இல்லை. ஸ்பைனல் போட்டார்கள், சர்ஜன் மூடுவதற்கு முன் காயத்தைச் சுற்றி மரப்பு மருந்து விட்டார். சாயங்காலமே ஃபிரேம் பிடித்து நடந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு பிளாக் போட்டு, மனுஷன் மறுநாள் காலை வரைக்கும் எழுந்து நிற்க முடியாமல் படுத்திருந்தார். ஃபிசியோ வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இதில் என்ன லாபம்?


பழைய வார்டு சிஸ்டர், ஃபீனிக்ஸ்:

அண்ணே, நீங்கள் தேய்ந்த மூட்டுக்குத் தேதி குறித்துக்கொண்டு, வீட்டிலிருந்து நடந்து போய்ப் படுத்தவர். இந்த அம்மா முறிந்த எலும்போடு ஒரு ராத்திரியைக் கழிக்க வேண்டும். உங்கள் சர்ஜன் செய்தது நல்ல முறைதான். இடுப்பு மாற்று ஆப்பரேஷனுக்கு வலி வைத்தியம் பற்றி 2021-ல் வந்த ப்ராஸ்பெக்ட் என்ற டாக்டர்கள் குழுவின் பரிந்துரையும் ஃபேசியா இலியாக்கா பிளாக், காயத்தில் மருந்து விடுவது, இரண்டில் ஏதாவது ஒன்று என்றுதான் சொல்கிறது. ஆனால் காயத்தில் விடுவதற்கு முதலில் காயம் வேண்டுமே. இன்றிரவு அதை எப்படிச் செய்வார்கள்?

நிற்க முடியாமல் போவது உண்மை, நான் மறுக்கவில்லை. அதற்காகத்தான் 2018-ல் டொரண்டோ டாக்டர்கள் பெங் பிளாக் என்று ஒன்றை எழுதினார்கள். ஊசி இன்னும் ஆழமாக, இடுப்பு எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவில் போய், மூட்டின் முன்பக்க உறைக்குப் போகிற சின்ன நரம்புகளை மட்டும் பிடிக்கும். சுமார் 20 மி.லி. போதும். தொடைத் தசை அவ்வளவாகச் சோராது, ஆனால் சில பேருக்குச் சோர்கிறது. தோலில் வெட்டின வலிக்கு அது உதவாது. ஆழமான இடம் என்பதால் இரத்த மாத்திரைக்காரர்களுக்கு டாக்டர் யோசிப்பார். எது என்று டாக்டருக்கு விட்டுவிட வேண்டும். அவர் கை எதில் பழகியிருக்கிறதோ அதுதான் நல்ல பிளாக்.


மெரபேங்க் மகள்:

எல்லாருக்கும் நன்றி. 8 மணிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார்கள், நான் திரைக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பி ஷீட் மாற்றினார்கள், "மெதுவா, மெதுவா" என்றார், கத்தவில்லை. பிறகு டீ கேட்டார். புரட்டாசி முடிகிறவரை ஆஸ்பத்திரி சாப்பாட்டில் கவிச்சி தொட மாட்டேன் என்று கிச்சன்காரப் பெண்ணிடம் பேரமும் பேசினார். மருந்து, அளவு, நேரம் எல்லாம் சார்ட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அண்ணனுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இரண்டு சந்தேகம். நாளை தியேட்டரில் போடும் பிளாக் அதிக நேரம் தாங்க டெக்ஸாமெதசோன் கொடுப்பேன் என்றார் டாக்டர். அது ஸ்டீராய்டுதானே, சர்க்கரை ஏறாதா? மெடிக்கல் எய்ட் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.


பழைய வார்டு சிஸ்டர், ஃபீனிக்ஸ்:

டீ கேட்டாரா, நல்லது. பால் டீ என்றால் இப்போதே குடிக்கட்டும். ஆப்பரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு பாலும் சாப்பாடும் நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். மதிய கேஸுக்கு ராத்திரியிலிருந்தே தண்ணீர் கூடாது என்று யாராவது சொன்னால், மயக்க மருந்து டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று நில்.

சர்க்கரை ஏறும். ஒரே டோஸ்தான், ஒரு நாள், ஒன்றரை நாள் ஏறிவிட்டு இறங்கும். வீட்டில் மில்லிமோல் கணக்கில் 8, 9 காட்டுகிற ஆளுக்கு 14, 15 காட்டலாம். நீயாக வீட்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுக்காதே. விரல் குத்திப் பார்க்கிற நேரங்களை ராத்திரியிலும் வைக்கச் சொல், ஏறினால் அவர்கள் இன்சுலின் கொடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை ரொம்பக் கட்டுக்கடங்காமல் இருந்தால், அது இல்லாமலே போடுங்கள் என்று கேட்கலாம், தப்பில்லை.

பணம். மயக்க மருந்து டாக்டர் தனி பில் அனுப்புவார், ஆஸ்பத்திரி பில்லில் அது வராது. பிளாக்குக்கு அதில் தனி வரி இருக்கும். பல பேர் மெடிக்கல் எய்ட் விலையைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போடுவார்கள். இது தேதி குறித்த ஆப்பரேஷன் இல்லை, விழுந்து முறிந்தது. அவசர கேஸ் பி.எம்.பி.யில், அதாவது மெடிக்கல் எய்ட் சட்டப்படி கட்டியே ஆக வேண்டிய பட்டியலில் வரும், முழுசாகக் கட்ட வேண்டியது அவர்கள் கடமை. குறைத்துக் கட்டிவிட்டு மீதியை உன்மேல் தள்ளினால், பில்லில் நோய்க் குறியீடு சரியாக இருக்கிறதா பார்த்து, பி.எம்.பி. என்று எழுதித் திருப்பி அனுப்பு. போனில் பேசாதே, ஈமெயிலில் எழுது.

அப்புறம் கண்ணாடி, காது மிஷின் இருந்தால் காலையில் கையோடு கொண்டுபோ. தியேட்டரிலிருந்து வந்ததும் மாட்டிவிடு. வீட்டில் டாய்லெட் சீட் உயரமாக்குகிற பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று வாங்கிவை, தாழ்வான சீட்டில் உட்காரக் கூடாது என்பார்கள். அந்தப் பின்வாசல் படிக்கு உன் வீட்டுக்காரரை விட்டு ஒரு கைப்பிடி அடிக்கச் சொல்.